தொண்ணூறில் பாதி

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு ஏதாவது ஒரு விஷயம் மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டால், அதை வைத்துக்கொண்டு அவன் போடும் ஆட்டத்தை ஊர் தாங்காது. எனக்கு அப்படித் தெரிந்திருந்த ஒரே விஷயம் பர்சன்ட்.

திண்டுக்கல்லில் ஒரு பெயிண்டுக் கடையில் பில் போடுகிறவன் நான். படிப்பு பத்தாம் வகுப்பு. நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டுமென்றால், ‘வாங்க, நல்லா இருக்கீங்களா’ என்பதைக்கூட வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு. ஆனால் கடையில் பில் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் நான் வேறு ஆள்.

“பத்து பர்சன்ட் போட்டிருக்கீங்க. பழைய கஸ்டமர்னு இன்னொரு அஞ்சு பர்சன்ட் போடுங்க. ஆக மொத்தம் பதினஞ்சு” என்பார் வீடு கட்டுகிறவர் ஒருவர்.

“பதினஞ்சு வராதுங்க. பதினாலரைதான்.”

“பத்தும் அஞ்சும் பதினஞ்சு இல்லாம வேற என்னா?”

“நூறுல பத்து போனா தொண்ணூறு. அடுத்த அஞ்சு பர்சன்ட் அந்தத் தொண்ணூறுலதான் கழியும். அது நாலரை. எதுல பர்சன்ட்டுங்கிறத மொதல்ல பாக்கணும்ங்க.”

(இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கும்.)

‘எதுல பர்சன்ட்டுங்கிறத மொதல்ல பாக்கணும்.’ இந்த ஒரு வரியை வைத்தே பல வருடங்களாகக் கடையில் மரியாதையோடு இருந்து வந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவும் தன் பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதையே சொல்லிவைப்பாள். “அவரு பேசத்தான் மாட்டாரு. கணக்குன்னா புலி.” பேசாத மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று வருந்திக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

அந்தக் குடும்பத்தின் தலைவர் ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியர். எனக்கு மச்சான். அகரத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். ஆறடி உயரம். அவர் குசுகுசுவென்று பேசினாலே தாடிக்கொம்பு வரை கேட்கும். அவருடைய மகனுக்குப் புதுநன்மை நடந்தபோது போட்ட பிரியாணி, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டது போக மிஞ்சி, தெருவுக்கே பொட்டலம் போனது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்லும்போது மறுக்கவும் இல்லை.

(புதுநன்மை என்பது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எங்கள் பக்கத்தில் அது ஒரு குட்டிக் கல்யாணம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, மதியம் பிரியாணி. பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்பதைச் சாயங்காலமே மறந்துவிடுவோம். பிரியாணியில் கறி எப்படி இருந்தது என்பதைப் பத்து வருடம் மறக்கமாட்டோம்.)

எங்கள் மகள் ஜெனிக்குப் புதுநன்மை என்று தேதி குறித்ததும் ஸ்டெல்லா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எங்க அண்ணன் வீட்டு அளவுக்கு மிஞ்ச வேணாம்ங்க. ஆனா எங்க ஆளுக எலையில கறி இல்லன்னு ஒரு சொல் வந்துறக் கூடாது. அம்புட்டுத்தான்.”

“நான் பாத்துக்கிறேன்” என்றேன். இன்றுவரை அந்த ‘நான் பாத்துக்கிறேன்’ எங்கள் வீட்டில் தனியாகச் சொல்லிச் சிரிக்கப்படுகிறது.

பிரியாணிக்கு முத்து மாஸ்டரைப் பேசினோம். ஆள் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

“அறுபது கிலோ அரிசி, அறுபது கிலோ கறி. கிலோவுக்குக் கிலோ. கூட வையின்னா வைப்பேன். கொறச்சு வையின்னா வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே.”

அறுபது கிலோ கறிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மச்சானிடமிருந்து போன்.

“மாப்ள, கறிக்கடைப் பக்கம் போயிராதீங்க. நம்ம கெடாயி நிக்கிதுல்ல. எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க, கொண்டாந்து எறக்கிப்புடுறேன். ஆனா உயிர் எடையாச் சொல்லுங்க. வெட்டி எடுத்தா அதுல அம்பது பர்சன்ட் கழிஞ்சு போயிரும், பாத்துக்கங்க. தோலு, தலை, காலு, கொடலு எல்லாம் போக நிக்கிறதுதான் கறி.”

இங்கேதான் விதி விளையாடியது. மச்சான் ‘பாதி போயிரும்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பாதி போகும் என்றால் இரண்டு மடங்கு வாங்க வேண்டும் என்பது கறிக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் அவர் பர்சன்ட் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே எனக்குள் இருந்த சாதாரண மனிதன் எழுந்து வெளியே போய்விட்டான். பில் போடுகிறவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஐம்பது பர்சன்ட் கழிகிறதா? அப்படியென்றால் ஐம்பது பர்சன்ட் சேர்த்துவிட்டால் சரியாகப் போய்விடும்.

கால்குலேட்டரை எடுத்தேன். அறுபது, பிளஸ், ஐம்பது, பர்சன்ட். தொண்ணூறு என்று வந்தது. நான் அவசரக்காரன் இல்லை. போனிலும் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறு. மறுநாள் கடைக்குப் போய் அங்கிருந்த பெரிய கால்குலேட்டரிலும் தட்டினேன். அதுவும் தொண்ணூறு. (கொலைக் கேஸுக்கே இரண்டு சாட்சி போதும். என்னிடம் மூன்று இருந்தது.) மச்சானைக் கூப்பிட்டேன்.

“தொண்ணூறு கிலோ உயிர் எடை, மச்சான்.”

“தொண்ணூறு போதுமா மாப்ள? ஆளுக நெறைய வருவாகளே?”

அவர் அக்கறையாகத்தான் கேட்டார். என் காதில் அது ‘நீ வைக்கிற விருந்துக்கு அது போதும்தான்’ என்பதுபோல் விழுந்தது.

“கணக்குப் போட்டாச்சு மச்சான்” என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு திடமாக நான் பேசியது இரண்டே முறை. முதல் முறை, கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் ‘சம்மதமா?’ என்று கேட்டபோது.

“சரிதான், புலி சொன்னாச் சரி” என்று வைத்துவிட்டார்.

அறுபது கிலோ கறி வேண்டும் என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவரே கணக்குப் போட்டுவிடுவார். பிறகு நான் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்துக்குப் பின்னால் குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் கிடாய்கள். முன்சீட்டில் மச்சான். அவர் மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதில் ஜெனிக்குத் தாய்மாமன் கொண்டுவந்த வெள்ளைக் கவுனும் பூமுடியும் இருந்தன. மாமன் கவுனைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளை கோயிலுக்குள் போக வேண்டும். அது எங்கள் குடும்ப வழக்கம்.

வெட்டுவதற்கு முன்னால் எல்லார் கண் முன்னாலும் மச்சான் தன் தராசிலேயே ஆடுகளை நிறுத்துக் காட்டினார். சரியாகத் தொண்ணூறு. புது வேட்டி சட்டையில் நான் பக்கத்தில் நின்று, பெரிய மனிதனைப்போல் தலையாட்டினேன். வெட்டுகிறவர்கள் வேலையில் இறங்கினார்கள். மாஸ்டர் அரிசியை ஊறப் போட்டார். எங்கோ மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெகுநாள் கழித்து நான் நிமிர்ந்து நின்ற நாள் அது. அரை மணி நேரம் நின்றிருப்பேன்.

“அண்ணே, செத்த இங்கிட்டு வாங்க” என்றார் முத்து மாஸ்டர். “கறிய நிறுத்துட்டேன். நாப்பத்தஞ்சுதான் நிக்கிது.”

“அறுபது இருக்கணுமே?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

மறுபடி நிறுத்தார். நாற்பத்தைந்து கிலோ, அதற்கு மேல் ஒரு கைப்பிடி. எனக்குக் காது சூடானது. என் கணக்கு தப்பாக இருக்கும் என்ற எண்ணம் ஒரு நொடிகூட வரவில்லை. கணக்கு சரி என்றால் வேறு ஏதோ தப்பு.

“தராசு சரியில்லபோல” என்றேன்.

பல்குச்சியை மென்றுகொண்டிருந்த மச்சான் மெல்லுவதை நிறுத்தினார். “என்னா மாப்ள? எந் தராசா?”

மாஸ்டர் ரசச் சோற்றுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த ஓர் அரிசி மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார். மூட்டையில் இருபத்தைந்து என்று அச்சடித்திருந்தது. தராசும் இருபத்தைந்து என்றது.

“அரிசிக்குச் சரியா இருக்கு” என்றேன். (ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அரிசிக்கு ஒரு எடை, கறிக்கு ஒரு எடை காட்டும் தராசு உலகத்தில் எங்கேயாவது இருக்கும் என்று அந்த நேரத்தில் நான் மனப்பூர்வமாக நம்பினேன்.)

“அப்ப ஆட்டுலதான் தப்புங்கிறீங்க?” என்றார் மச்சான்.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். நாற்பது வருடமாக மூடிப் பழகிய வாய்தான். அன்றைக்கென்று திறந்துகொண்டது.

“இல்ல மச்சான்... எடை போடுறதுக்கு முன்னாடி தண்ணி கிண்ணி காட்டுனீங்களோ?”

ஆடு வளர்க்கிறவரிடம் கேட்கக் கூடாத ஒரே கேள்வி அது. விற்பதற்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடையைக் கூட்டுவது சந்தையில் ஏமாற்றுக்காரர்கள் செய்கிற வேலை. வெட்டிக்கொண்டிருந்த கத்திகள் நின்றன. மைக் செட்டுப் பாட்டும் சரியாக அப்போதுதான் முடிந்தது.

“எந் தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு,” என்றார் மச்சான், ஒவ்வொரு சொல்லாக, “நான் தண்ணி காட்டி ஆடு கொண்டாந்திருக்கேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டார். நேராக வண்டிக்குப் போனார். “ஏலே, வண்டிய எடுறா. ஊருக்குப் போவோம்.” முன்சீட்டில் அந்த அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் கவுன்.

செய்தி மண்டபத்துக்குள் எப்படிப் போனதோ, ஸ்டெல்லா பாதி வாரிய தலையும் கையில் சீப்புமாக ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் பக்கத்துச் சொந்தம் மொத்தமும் வந்தது.

“எங்க அண்ணன என்னா சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. கணக்குத்தான் சொன்னேன்.”

“என்னா கணக்கு? சொல்லுங்க. பிள்ள உள்ள கவுன் இல்லாம நிக்கிது. சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

என் கணக்கின் பெருமையைப் பிறந்த வீட்டில் அத்தனை வருடம் சொல்லி வந்தவள் அவள். அந்தப் பெருமை இப்போது அவளுடைய அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்றது. நான் சரியென்றால் அண்ணன் திருடன். அண்ணன் சரியென்றால் நான் யார் என்பதை அவளே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அத்தனை பேர் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை.

“அறுபது கிலோ கறி வேணும். அம்பது பர்சன்ட் கழிவு. அறுபதுல அம்பது பர்சன்ட் முப்பது. அறுபதும் முப்பதும் தொண்ணூறு. அதனால தொண்ணூறு கிலோ ஆடு. இப்ப தொண்ணூறு கிலோ ஆட்டுல அம்பது பர்சன்ட் கழிஞ்சா...”

நின்றுவிட்டேன்.

எதுல பர்சன்ட்டுங்கிறத மொதல்ல பாக்கணும். என் குரல்தான். கடையில் பில் மிஷினுக்குப் பின்னாலிருந்து நான் சொல்லும் அதே குரல். எனக்கு மட்டும் கேட்டது.

“கழிஞ்சா?” என்றாள் ஸ்டெல்லா.

வண்டியில் ஒரு கால், தரையில் ஒரு காலாக நின்ற மச்சான் திரும்பினார். “சொல்லுங்க மாப்ள. தொண்ணூறுல பாதி எம்புட்டு?”

“நாப்பத்தஞ்சு” என்றேன், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் காதில் பாவத்தைச் சொல்லும் குரலில்.

“கேக்கல. சத்தமா!”

“நாப்பத்தஞ்சு மச்சான்.”

குட்டியானை குலுங்க ஆரம்பித்தது. மச்சான் அதில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். (‘இந்தத் தண்ணி நீங்க காட்டுனது மாப்ள’ என்று இப்போதும் சொல்வார்.)

“ஏ ஸ்டெல்லா! ஒம் புருசன் எந் தராச டெஸ்ட் பண்ணிட்டாருடி! ஒரு கிராம் பிசகல!”

அட்டைப்பெட்டியைத் தூக்கித் தங்கையிடம் கொடுத்தார். கவுன் உள்ளே போனது. எனக்கு உயிர் வந்தது. ஸ்டெல்லா மட்டும் போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எத்தனை பர்சன்ட் என்று எந்தக் கால்குலேட்டரும் சொல்லாது.

“சிரிப்பெல்லாம் பெறகு வச்சுக்கலாம்ணே” என்றார் மாஸ்டர். “அரிசி ஊறியாச்சு. கறியில இருபத்தஞ்சு பர்சன்ட் கொறையிது. அதுக்கு வழியச் சொல்லுங்க.”

“நான் வாங்கிட்டு வாரேன்” என்று ஸ்கூட்டரை எடுத்தேன். செய்த பாவத்துக்கு உடனே பரிகாரம் செய்துவிடும் வேகம். ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடைகளில் கூட்டம் நெரிந்தது. எவ்வளவு வாங்குவது? இந்த முறை அவசரப்படக் கூடாது என்று ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தேன். கையில் இருப்பது நாற்பத்தைந்து. குறைவது இருபத்தைந்து பர்சன்ட். நாற்பத்தைந்தில் இருபத்தைந்து பர்சன்ட் பதினொன்றே கால். மூன்று கடை ஏறி இறங்கிப் பதினொன்றே கால் கிலோ வாங்கினேன். கடைசிக் கடையில், என் கணக்கைக் கேட்டுவிட்டு, “கால் கிலோ என்னாண்ணே கணக்கு, பதினொண்ணா வச்சுக்கங்க” என்றவரிடம், “இல்லைங்க, கணக்குன்னா கணக்கா இருக்கணும்” என்று அடம்பிடித்து அந்தக் காலையும் வாங்கினேன்.

திரும்பும்போது பூசை மணி அடித்துவிட்டது. பையை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். ஜெனி வெள்ளைக் கவுனில் மெழுகுதிரியோடு நடந்து போனாள். கண்கொள்ளாக் காட்சி. எல்லாம் சரியாகிவிட்டது என்று நன்றி சொன்னேன்.

மதியம் பந்தி நன்றாகத்தான் போனது. கறி நிறைய இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். இருந்தது. வெளியாட்கள் இலையில் கறி குறையக் கூடாது என்று மச்சானே வாளியைப் பிடித்து அள்ளி அள்ளி வைத்தார். பரிமாறின சொந்தக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவதுதானே முறை. மச்சான், அவர் குடும்பம், ஸ்டெல்லாவின் தங்கைகள், பிறகு நாங்கள். ஸ்டெல்லா கேட்ட அந்த ‘எங்க ஆளுக’ மொத்தமும் ஒரே வரிசையில்.

இலையில் சோறு விழுந்தது. அவித்த முட்டை விழுந்தது. வெங்காயப் பச்சடி விழுந்தது.

மச்சான் சோற்றைக் கிளறினார். இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார். அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார்.

“மாப்ள, நம்ம ஆடு இன்னும் மேச்சல்ல இருந்து திரும்பலையா?”

ஸ்டெல்லா மாஸ்டரைப் பார்த்தாள். “கறி வாங்கியாந்தாரே மாஸ்டர்?”

“வாங்கியாந்தாரும்மா. பதினஞ்சு வேணும். பதினொண்ணேகால்தான் வந்துச்சு. அடுப்புப் பத்தவச்ச நேரம், யாருகிட்டச் சொல்ல?”

“அது என்னா பதினொண்ணேகால்?” என்றார் மச்சான். “பதினொண்ணு தெரியும். அந்தக் கால் எங்கயிருந்து வந்துச்சு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றினேன். கை முழுக்கப் பச்சடி. துடைக்க முடியவில்லை.

“நாப்பத்தஞ்சுல... இருபத்தஞ்சு பர்சன்ட்... மச்சான்.”

மச்சான் வாய்க்குக் கொண்டுபோன கையை இலையிலேயே வைத்துவிட்டார். “அறுபதுல நாப்பத்தஞ்சு போனா பதினஞ்சு. இதுக்கு எதுக்கு மாப்ள பர்சன்ட்டு? காலையில ஒரு தடவ, மறுபடியும் ஒரு தடவையா?”

வரிசை முழுவதும் சிரித்தது. ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அது அவள் கண் முன்னால், அவள் ஆட்கள் இலையில், முட்டையாக உட்கார்ந்திருந்தது.

அதை மச்சானும் பார்த்திருக்க வேண்டும். எப்படியோ தன் இலையின் ஓரத்தில் ஒரே ஒரு துண்டைக் கண்டுபிடித்தார். அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். இரண்டாகப் பிய்த்தார்.

“இந்தா ஸ்டெல்லா. அம்பது பர்சன்ட் ஒனக்கு.” மீதியை என் இலையில் வைத்தார். “அம்பது பர்சன்ட் புலிக்கு. எனக்குக் கழிவு.”

அப்போதுதான் ஸ்டெல்லாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. புரை ஏறியது. தலையில் தட்ட ஆளாளுக்கு எழுந்தார்கள். ஒரு வகையில் பார்த்தால், மச்சான் வீட்டுப் பொட்டலப் பிரியாணியை அன்றோடு எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஜெனி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் பர்சன்ட் பாடம் வந்தபோது, “அப்பாகிட்டக் கேக்காத” என்று அவள் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமென்றாலும் மச்சான் எனக்குப் போன் செய்கிறார். “மாப்ள, நூறு கிலோ கறி வேணும். நீங்க ஒரு கணக்குச் சொல்லுங்க. அத விட்டுப்புட்டு வேற எம்புட்டுன்னாலும் வாங்கிக்கிறோம்.” கடையில் மட்டும் என் மரியாதைக்கு இன்னும் குறைவில்லை. பதினைந்து வராது, பதினாலரைதான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே யாரும் அகரத்துக்காரர்கள் இல்லை.

வீட்டில் வேறு கதை. காலையில் தட்டில் நாலு இட்லி வைப்பாள் ஸ்டெல்லா. நான் கை வைப்பதற்குள் இரண்டை எடுத்துக்கொள்வாள். கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, ஒன்றைத் திருப்பி வைப்பாள்.

“அம்பது பர்சன்ட் எடுத்தேன். இருந்ததுல அம்பது பர்சன்ட் சேத்து வச்சுட்டேன். சரியாப் போச்சுல்ல?”

“சரியாப் போச்சு” என்பேன்.

மூன்று இட்லியில் எனக்கு வயிறு நிறைவதில்லை. நாலாவதைக் கேட்கலாம்தான். ஆனால் அதற்குச் சத்தமாகக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குத்தான் கூச்சம் ஆயிற்றே.